புடவைக்காரர் பார்த்ததும் பார்க்காததும்

மலையகத் தொழிற்சங்க வரலாறு எழுதியவர்கள் யாரும் சொல்லாமல் விடாத ஒரு கதை கோ. நடேசய்யரின் வேடம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து 1920ஆம் ஆண்டளவில் இலங்கையில் நிலைகொண்ட அந்தப் பத்திரிகைக்காரர், தோட்டத்துச் சனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று நேரில் பார்க்க விரும்பினார். ஆனால் தோட்டம் என்பது துரையின் சொந்த நிலம். அவர் அனுமதி இல்லாமல் லயத்துப் பக்கம் கால் வைத்தால் அத்துமீறல் குற்றம். சட்டத்தரணி போகமுடியாது, பத்திரிகைக்காரன் போகமுடியாது. அப்படியானால் யார்தான் போகலாம்? புடவை விற்கிறவன் போகலாம். நடேசய்யர் புடவை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வியாபாரியாக உள்ளே போனார்.

இந்தக் கதையைப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு கூச்சம் வரும். ஏனென்றால் அந்த மூட்டையைத் தோளில் சுமந்து உண்மையாகவே பிழைத்தவர்களில் என் உம்மாவின் வாப்பாவும் ஒருவர். நாங்கள் அவரை ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுவோம். ஹட்டனிலிருந்து புறப்பட்டு, சம்பளம் போடும் சனிக்கிழமையைக் கணக்குவைத்து, தோட்டம் தோட்டமாக நடந்தவர். அவரைப்போல எங்கட ஆட்கள் எத்தனையோ பேர். 1884இல் ரயில் ஹட்டனுக்கு வந்தபிறகு கடை போட்டவர்களும் உண்டு, கடைசிவரை மூட்டையோடேயே திரிந்தவர்களும் உண்டு. மலையகத்தில் முஸ்லிம்கள் வேரூன்றிய வரலாற்றை எழுதும்போது வியாபாரத்தையும் பள்ளிவாசல்களையும் பற்றி நிறைய எழுதுகிறோம். நடேசய்யர் ஒருதடவை வேடம் போட்டுப் பார்த்ததை எங்கள் மூத்தவர்கள் வேடமே இல்லாமல் வருடக்கணக்காகப் பார்த்தார்கள். அவர்கள் என்ன பார்த்தார்கள், பார்த்ததை யாரிடம் சொன்னார்கள் என்பதை மட்டும் நாங்கள் எழுதுவதில்லை.

அப்பா அதிகம் பேசமாட்டார். ஆனால் ஒரு விஷயத்தைச் சிரிப்புக் கதை மாதிரிச் சொல்லுவார். எந்த லயத்துப் பெண் விலை கூடிய சேலையைக் கடன் இல்லாமல் கைக்காசுக்கு வாங்குகிறாள் என்று பார்த்தால் போதுமாம், கணக்கப்பிள்ளையோ சின்னத்துரையோ எந்தக் காம்பராவுக்குப் போய்வருகிறார் என்று தெரிந்துவிடுமாம். நாங்களும் சிரித்தோம். அந்தப் பெண் அந்தச் சேலையை விரும்பித்தான் உடுத்தாளா என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றியிருக்காது. தோன்றியிருந்தால் வியாபாரம் நடந்திருக்காது.

தோட்டத்து அதிகாரம் எப்படி வேலை செய்தது என்பதை விளங்கிக்கொள்ள பெரட்டுக்களத்தில் இருந்து தொடங்கவேண்டும். விடியுமுன் தப்பு அடிக்கும். பெரட்டுக்கு வந்தவர்களை மலைகளுக்குப் பிரித்து அனுப்புவார்கள். எந்தப் பெண் எந்த மலைக்கு, எந்த நிரைக்கு என்பதைச் சொல்வது கங்காணி அல்லது கணக்கப்பிள்ளை. நல்ல கொழுந்து உள்ள நிரை கிடைத்தால் அன்றைக்குக் கிலோ சேரும். அட்டை கடிக்கும் சரிவு கிடைத்தால் சேராது. பொழுதுபட்டால் தராசு. ஈரத்துக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று கழிக்கிறவரும் அதே ஆள்தான். குறிப்பிட்ட நிறை வந்தால் முழுப்பேர், வராவிட்டால் அரைப்பேர். ‘பேர்’ என்று மலையகத்தில் சொல்வது அந்த நாளின் கூலியை. பேர் போடுகிறவன் கையில் ஒரு பெண்ணின் அடுப்பு இருக்கிறது. அவன் யாரையும் அடிக்கவோ மிரட்டவோ தேவையில்லை; பேனையைக் கொஞ்சம் தாமதித்துப் பிடித்தாலே போதும்.

கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள். அவர்களை மேய்ப்பவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஆண்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட காலத்திலிருந்து இந்த ஏற்பாட்டில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று வைத்தார்கள். ஒரே தோட்டத்தில் நாள் முழுக்க நின்ற ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றாக 1984 ஆகவேண்டியிருந்தது.

அடுத்தது லயம். வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடு போகும். துரை பத்துச்சீட்டுக் கொடுத்தால் ஒரு குடும்பம் முழுவதும் சட்டிமுட்டியோடு ரோட்டில் நிற்கும். 1921இல் ஒழிக்கப்படும்வரை இருந்த துண்டு முறை இதைவிட மோசம்: கங்காணிக்கு உள்ள கடன் எவ்வளவு என்று எழுதிய அந்தத் துண்டு இல்லாமல் இன்னொரு தோட்டம் ஏற்றுக்கொள்ளாது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலாளர் சட்டப்படி சொல்லாமல் வேலையை விட்டுப் போவது சிறைக் குற்றம். சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றவர்கள் வாதாடி அந்தத் தண்டனைப் பிரிவுகளை நீக்கவைத்ததும் 1921இல்தான். ஆக, அரை நூற்றாண்டுக்கு மேல், ஒரு பெண் தன்னைத் தொந்தரவு செய்கிறவனிடமிருந்து தப்பி ஓடினால் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி அவள்.

இந்த இடத்தில் பிஜியை நினைக்காமல் இருக்க முடியாது. 1913இல் அங்கே ஒரு வாழைத் தோட்டத்தில் குந்தி என்ற இளம்பெண், தன்னைத் தனியான இடத்தில் வேலைக்கு நிறுத்திய மேற்பார்வையாளனிடமிருந்து தப்ப ஆற்றில் குதித்தாள். அவளது வாக்குமூலம் இந்தியப் பத்திரிகையில் வந்தது. நாடு கொதித்தது. பாரதியார் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பற்றிப் பாடினார். ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்ததற்கு இந்தப் பெண்களின் கதையும் ஒரு முக்கிய காரணம். 1917இல் ஆட்சேர்ப்பு நின்றது. ஆனால் அந்தக் கொதிப்பு பாக்கு நீரிணையைத் தாண்டவில்லை. இலங்கைக்கு வந்தவர்கள் ஒப்பந்தக் கூலிகள் அல்ல, கங்காணியின் கீழ் ‘சுயமாக’ வந்தவர்கள் என்பது அரசாங்கத்தின் வாதம். குடும்பத்தோடு, சொந்த ஊர்க் கங்காணியோடு வருகிறார்கள், அங்கே இந்த மாதிரி அசிங்கம் நடக்காது என்று நம்பவைத்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிற கங்காணிதான் அந்தக் குடும்பத்துக்கு மாமன், அவன்தான் கடன்காரன், அவனேதான் நீதவான். இதில் எது சுயம் என்று யாரும் கேட்கவில்லை. 1923இலிருந்து கண்டியில் இந்திய அரசின் ஏஜென்ட் ஒருவர் இருந்தார். அவர் அதிகாரி, துரைமாரோடு தேநீர் குடிக்கிறவர். ஒரு பெண் தன் சங்கதியை அவரிடம் எப்படிச் சொல்வாள்?

வெள்ளைத் துரைமாரைப் பற்றி வந்தால் ஆவணம் கிடைப்பது அரிது என்று சொல்வது வழக்கம். முழுக்க அப்படியும் இல்லை. 1908இல் கென்யாவில் சில்பராட் என்ற பிரித்தானிய அதிகாரி உள்ளூர்ச் சிறுமிகளை வைத்திருந்தது லண்டனில் ‘டைம்ஸ்’ பத்திரிகை வரைக்கும் போனது. அதன்பேரில் 1909 ஜனவரியில் குடியேற்ற நாட்டுச் செயலாளர் குரூ பிரபு ஒரு சுற்றறிக்கை விட்டார்: அதிகாரிகள் உள்நாட்டுப் பெண்களை வைத்துக்கொள்வது பதவிக்கு இழுக்கு, வைத்துக்கொண்டால் தண்டனை. படித்துப் பார்த்தால் அதில் கவலை வெள்ளைக்காரனின் மதிப்புப் பற்றியதாக இருக்கிறது, பெண்ணைப் பற்றியதாக இல்லை. அதைவிட முக்கியம், அது அரசாங்க உத்தியோகத்தருக்கு மட்டும். தோட்டத்துரை கம்பெனியின் ஆள். அவனை எந்தச் சுற்றறிக்கையும் கட்டாது.

பிள்ளைகள்தான் ஆவணம். இந்தியாவில் காலிம்பொங்கில் ஸ்கொட்லாந்துப் பாதிரியார் கிரஹாம் 1900இல் தொடங்கிய இல்லம், அசாம், டார்ஜிலிங் தோட்டத்துரைமாருக்கு உள்ளூர்ப் பெண்களிடம் பிறந்த பிள்ளைகளுக்காகவே எழுந்தது. அங்கே வளர்ந்தவர்களில் பலரை நியூசிலாந்துக்குக் கப்பலேற்றினார்கள். நுவரெலியாவிலும் அப்படி ஓர் இல்லம் இருந்தது. கண்டி திரித்துவக் கல்லூரித் தேவாலயத்தின் சுவரோவியங்களை வரைந்த டேவிட் பெயின்டரை ஓவியம் தெரிந்தவர்கள் அறிவார்கள். அவருடைய தகப்பன் ஆங்கில மிஷனரி, தாய் சிங்களவர். அந்தக் குடும்பம் நுவரெலியாவில் நடத்திய இல்லத்தில்தான் துரைமார் கைவிட்ட கலப்புப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஓர் இல்லமே தேவைப்பட்டது என்றால் அது ஒன்றிரண்டு துரைமாரின் தனிப்பட்ட ஒழுக்கப் பிரச்சினை அல்ல. நியாயத்துக்காக இதையும் சொல்லவேண்டும்: எல்லா உறவும் பலாத்காரம் என்று சொல்லமுடியாது. வருடக்கணக்காகச் சேர்ந்து வாழ்ந்தவர்கள், பிள்ளைக்குப் படிப்புக் கொடுத்தவர்கள் உண்டு. ஆனால் மறுத்தால் வீடும் பேரும் போகும் என்றிருக்கும் இடத்தில், ஒரு பெண் ‘சரி’ என்று சொல்வதை நாம் எப்படி எடைபோடுவது? எனக்கு இன்னும் விடை தெரியாத கேள்வி அது.

நீதிமன்றம் போனால் என்ன நடக்கும் என்பதற்கு அசாமில் ஒரு வழக்கு உண்டு. 1920இல் கச்சார் மாவட்டத்தின் கோரியல் தோட்டத்தில், தன் மகளைக் கொடுக்க மறுத்த தொழிலாளியைத் தோட்டத்து வெள்ளைக்காரன் சுட்டான். ஐரோப்பியர் பெரும்பான்மையாக இருந்த ஜூரி அவனை விடுவித்தது. முல்க் ராஜ் ஆனந்தின் ‘இரண்டு இலையும் ஒரு மொட்டும்’ நாவல் 1937இல் வந்தபோது அதன் முடிவும் ஏறக்குறைய இதுவே. தமிழில் அதற்கு முன்பே, 1935இல், புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’ எழுதிவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் மேலாளர்கள் கையில் சீரழிந்து நோயோடு மிஞ்சுகிற கதை. அவர் இலங்கைக்கு வந்து பார்த்து எழுதவில்லை. வரவேண்டிய தேவையும் இருக்கவில்லை; திரும்பிவந்தவர்கள் வாயிலாகத் திருநெல்வேலிக்கே அந்தச் செய்தி தெரிந்திருந்தது. ஹட்டன் பஜாருக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்குமா?

1930களில் கதவு கொஞ்சம் திறந்தது. 1931இல் நடேசய்யர் ஹட்டனை மையமாக்கித் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடிக் கூட்டம் நடத்தினார். துரைக்குப் பயந்து ஆண்களே தலை குனிந்து நடந்த காலத்தில் ஒரு பெண் மேடையேறியதைப் பெண்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்! 1937இல் பிரேஸ்கேர்டில் விவகாரம். மடுல்கலையில் சின்னத்துரையாகப் பழகவந்த அந்த வெள்ளைக்கார இளைஞன், நாவலப்பிட்டிக் கூட்டத்தில் துரைமாருக்கு எதிராகப் பேசினான் என்பதற்காகத் தேசாதிபதி ஸ்டப்ஸ் அவனை நாடுகடத்த உத்தரவிட்டார். உயர்நீதிமன்றம் அந்த உத்தரவைச் செல்லாது என்றது. தொழிலாளியை ஆண்டாண்டாக நடத்தியவிதம் ஒரு துரைக்கும் குற்றமாகப்படவில்லை. அதைச் சொன்ன வெள்ளைக்காரன்தான் குற்றவாளி.

தொழிற்சங்கத்தில் எங்களவரும் இருந்தார். இலங்கை இந்தியக் காங்கிரசில் தொண்டமானோடு தலைமைக்கு நின்று, பிறகு ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரசை நடத்திய அப்துல் அஸீஸின் பெயரை நாம் பெருமையாகச் சொல்லலாம். ஆனால் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியல்களில் கூலி இருந்தது, அரிசி இருந்தது, லீவு இருந்தது. கணக்கப்பிள்ளையின் கை அந்தப் பட்டியலில் ஏறவில்லை. சங்கத் தலைவர்களும் ஆண்கள். தோட்டக் கமிட்டித் தலைவர் பல இடங்களில் கங்காணி வீட்டு ஆள். முறைப்பாடு போவது யாரிடமிருந்து வந்ததோ அதே வாசலுக்கு. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து இவர்களை நாடற்றவர்களாக்கியபிறகு பொலிஸ் நிலையம் இன்னும் தூரமாகிவிட்டது. நீ எந்த நாடு என்று முதலில் கேட்கும் இடத்தில் ஒரு பெண் போய் எதைச் சொல்வது? 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரித்தது. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் மறுபடி கம்பெனிகளிடம் போயின. வெள்ளைத்துரை போய்க் கறுப்புத்துரை வந்தார். பங்களா அதே பங்களா.

சட்டம் வந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தத்தோடு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கியது. வேலைத்தலத்தில் அதிகாரத்தைப் பயன்படுத்திச் செய்வதும் அதற்குள் அடங்கும். மலையில் நிற்கும் ஒரு பெண் அதை எப்படிப் பயன்படுத்துவாள் என்பது வேறு கதை. அன்றைய பேரை விட்டுப் பொலிசுக்குப் போகவேண்டும், சாட்சி சொல்லவேண்டிய பக்கத்து நிரைக்காரியும் அதே தராசுக்குத்தான் போகவேண்டும்.

இது தேயிலையின் சாபம் மட்டுமல்ல. 2023 பெப்ரவரியில் பிபிசி, கென்யாவின் கெரிச்சோத் தோட்டங்களில் மேற்பார்வையாளர்களால் துன்புறுத்தப்பட்டதாக 70க்கும் மேற்பட்ட பெண்கள் சொன்னதை வெளியிட்டது. வேலை வேண்டுமானால் உடம்பு என்பதுதான் அங்கேயும் கணக்கு. அதில் அடிபட்ட கம்பெனிகளில் ஒன்றின் கென்யத் தோட்டங்களைப் பின்னர் வாங்கியது ஓர் இலங்கை நிறுவனம் என்பது நமக்கு யோசிக்கவேண்டிய செய்தி. அதேபோலக் கேரளத்தில் 2019இல் கையளிக்கப்பட்டு 2024 ஆகஸ்ட்வரை வெளிவராமல் கிடந்த ஹேமா குழு அறிக்கை. சினிமாவில் ‘சான்ஸ்’ கொடுக்கிறவனும் மலையில் பேர் போடுகிறவனும் ஒரே நாற்காலியில் இருக்கிறார்கள். ஆனால் நடிகை வாய் திறந்தால் கமெரா வரும். கொழுந்துக்காரி வாய் திறந்தால் பத்துச்சீட்டு வரும்.

இனி எழுதப்போவது எனக்கு விருப்பமில்லாத பகுதி.

பங்களாவில் ஆயாவாக வேலைபார்த்த தோட்டத்துப் பெண்ணின் இடத்துக்கு, துரைமார் போனபிறகு, பட்டணத்து வீடுகள் வந்தன. கண்டி, கொழும்பு, நமது வீடுகளும் அதில் சேர்த்தி. கங்காணிக்குப் பதில் தரகர். தலைக்காசுக்குப் பதில் கமிஷன். தாயின் கையில் முற்பணம். அதைக் கழித்து முடிக்கும்வரை பிள்ளை வரமுடியாது. பழைய துண்டேதான், பேப்பர் மட்டும் இல்லை. 2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி ஒருத்தி, கொழும்பில் ஒரு முஸ்லிம் அரசியல்வாதியின் வீட்டில் வேலைக்கிருந்த நிலையில், தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தாள். அவளை அங்கே கொண்டுபோய் விட்டது ஒரு தரகர். விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. நான் சொல்லவருவது நமது பேச்சைப் பற்றி. அந்த வாரம் நான் இருந்த சபைகளில் முதலில் வந்த கேள்வி ‘இதை வைத்து எங்களை என்ன செய்யப்போகிறார்கள்’ என்பது. நமது மையித்துகளை எரித்த காயம் ஆறாத நேரம் அது, அந்தப் பயம் எனக்கு விளங்கும். ஆனால் அந்தப் பிள்ளை ஏன் பள்ளிக்கூடத்தில் இல்லாமல் அந்த வீட்டில் இருந்தாள் என்று கேட்டவர்கள் குறைவு.

சூரா யூசுபை நாம் அழகான கதை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அது ஒரு வீட்டு வேலைக்காரனின் கதையும்தான். விலைக்கு வாங்கப்பட்ட பிள்ளை, பெரிய வீடு, உள்ளே பூட்டிய கதவுகள், அதிகாரம் உள்ளவர் பக்கமிருந்து வருகிற வற்புறுத்தல். அந்த வீட்டைச் சேர்ந்த ஒருவரே எழுந்து, சட்டை முன்னால் கிழிந்திருக்கிறதா பின்னால் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள் என்றார். பின்னால் கிழிந்திருந்தது. உண்மை தெரிந்தபிறகும் சிறைக்குப் போனது யூசுப் நபிதான். நமது மேடைகளில் அவரது பொறுமையைப் பேசுவார்கள், அழகைப் பேசுவார்கள். வீட்டுக்குள்ளிருந்தே சாட்சி சொன்ன அந்த ஆளைப் பற்றி ஒரு பயான் நான் கேட்டதில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இருந்தாள். எழுபதுகளின் நடுப்பகுதி, தோட்டங்களில் பட்டினி கிடந்த காலம். அப்பாவிடம் கடனுக்குப் புடவை வாங்கிய குடும்பம் ஒன்று, கடனுக்கு ஈடாக என்றே சொல்லலாம், தங்கள் மகளைக் கொண்டுவந்து விட்டது. எனக்குப் பதினொரு வயது, அவளுக்கு இரண்டு மூன்று வயது கூட இருக்கும். குசினியில் படுப்பாள். தீபாவளிக்குப் புதுச்சட்டையோடு ஊருக்கு அனுப்புவோம். வீட்டுக்கு அடிக்கடி வந்துபோகும் சொந்தக்காரர் ஒருவர் இருந்தார். அவர் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டால் அவள் கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விடுவாள். நான் பலதடவை பார்த்தேன். ஒளித்துப்பிடித்து விளையாட்டு என்று நினைத்தேனா, அல்லது அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சுகமாக இருந்ததா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. ஒரு தீபாவளிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. ‘இங்க அவளுக்குச் சாப்பாடு இல்லாமப் போச்சா?’ என்று வீட்டில் கோபப்பட்டார்கள். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த மாதம் இன்னொரு பிள்ளை வந்தாள்.

இந்தக் கட்டுரைக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, இப்போது எண்பதைத் தாண்டிவிட்ட உம்மாவிடம் போய் அவள் பெயர் என்ன என்று கேட்டேன். கனநேரம் யோசித்தார்.

‘பேர் என்னமோ மகன். வந்த எல்லாரையும் நாங்க லச்சுமி எண்டுதானே கூப்பிட்டம்’ என்றார்.